நாலே நாலு மாத்திரை

நம் ஜனங்களுக்குப் பித்தத்தின் மேல் ஒரு தனிப் பிரியம். தலை சுற்றினால் பித்தம். வாய் கசந்தால் பித்தம். ஒருவன் காலையில் எழுந்ததும் காரணமில்லாமல் எரிந்து விழுந்தால், 'அவனுக்குப் பித்த உடம்பு' என்று சொல்லி இஞ்சிச் சாறு கொடுப்பார்கள். காதல் முற்றினால் பித்து. பக்தி முற்றினாலும் பித்து. கைலாசத்தில் இருக்கிறவருக்கே பித்தன் என்று பெயர் வைத்தவர்கள் நாம். இவ்வளவு தூரம் உறவு கொண்டாடுகிற ஒரு வஸ்து நம் வயிற்றுக்குள் எந்த வழியாக வருகிறது, எங்கே போகிறது, அந்த வழி அடைத்துக்கொண்டால் என்ன நடக்கும் என்று கேட்டால் மட்டும் பட்டதாரிகள்கூட விழிக்கிறார்கள்.

விழிக்கட்டும். அது குற்றம் அல்ல. நான் குற்றம் சாட்ட வந்திருப்பது வேறு ஒன்றுக்காக. பித்தம் வருகிற அந்தக் குழாயில் குடியேறி மனிதனைக் கொல்கிற கிருமிகள் சில இருக்கின்றன. அவற்றுக்குச் சோறு போட்டு, கல்வி கொடுத்து, கையில் கேடயமும் கொடுத்து வளர்க்கிற கனவான்களும் இருக்கிறார்கள். கனவான்கள் என்றால் யாரோ எவரோ அல்ல. மாதா மாதம் சம்பளமோ பென்ஷனோ வாங்கி, இந்த மாதிரிப் பத்திரிகைகளைக் காசு கொடுத்துப் படிக்கிற வர்க்கம்தான். நானும் அந்த வர்க்கத்தில் பிறந்தவன். அதனால் உரிமையோடு பேசலாம் என்று நினைக்கிறேன்.

முதலில் அந்தக் குழாயைப் பார்த்துவிடுவோம். ஈரல் ஒரு நாளைக்கு அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை பித்தநீரைச் சுரக்கிறது. அதில் ஒரு பகுதி பித்தப்பையில் தங்கிக் கெட்டிப்பட்டு, நாம் நெய்த் தோசையையும் வடையையும் உள்ளே தள்ளும்போது வெளியே வந்து கொழுப்பைக் கரைத்துக் கொடுக்கிறது. அது வருகிற பாதைதான் பித்தநாளம். பென்சில் கனம்கூட இராது. சிறுகுடலின் தலைப்பில் போய்த் திறக்கிறது. திறக்கிற இடத்தில் ஒரு தசை வளையம் வாசற்காவலனைப்போல நிற்கிறது. மேலே இருக்கிற பித்தம் கீழே போகலாம். கீழே குடலில் இருக்கிறவர்கள் மேலே வரக்கூடாது. குழாயில் ஓட்டம் இருக்கிறவரைக்கும் வருவதும் இல்லை. ஆரோக்கியமான மனிதனின் பித்தநீரில் பொதுவாகக் கிருமியே இராது.

பித்தப்பையில் உண்டான கல் ஒன்று நழுவி வந்து இந்தக் குழாயின் வாயில் உட்கார்ந்துகொள்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பட்டாணி அளவு போதும். வாய்க்கால் அடைத்தால் தண்ணீர் தேங்கி நாறும் என்பது கிராமத்தில் பிறந்த எவருக்கும் தெரியும். தேங்கிய பித்தத்தில் குடற்கிருமிகள் பெருகுகின்றன. குழாய்க்குள் அழுத்தம் ஏறுகிறது. முன்னே போக வழியில்லாத கிருமிகள் ஈரலுக்குள் பின்னோக்கி நெருக்கிக்கொண்டுபோய் இரத்தத்தில் இறங்கிவிடுகின்றன. உடம்பைத் தூக்கிப் போடுகிற குளிர் காய்ச்சல், கண்ணில் மஞ்சள், வலது விலாவுக்கு அடியில் வலி என்று மூன்று அடையாளங்களை 1877-ம் வருஷமே ஷார்க்கோ என்ற பிரெஞ்சு டாக்டர் எழுதி வைத்தார். 1959-ல் ரேனால்ட்ஸ், டார்கன் என்ற இரண்டு அமெரிக்க சர்ஜன்கள் இன்னும் இரண்டைச் சேர்த்தார்கள்: இரத்த அழுத்தம் விழுவது, புத்தி தடுமாறுவது. ஐந்தும் ஒரே ஆளிடம் சேர்ந்துவிட்டால் பிறகு நாட்கணக்குப் பார்க்க முடியாது, மணிக்கணக்குத்தான்.

வைத்தியத்தில் இரண்டு காரியங்கள் உண்டு. அடைப்பைத் திறக்க வேண்டும். கிருமியைக் கொல்ல வேண்டும். முதல் காரியத்தில் மனிதன் பிரமாதமாக முன்னேறியிருக்கிறான். ஒரு காலத்தில் வயிற்றைக் கிழித்தாக வேண்டும். 1974-ல் ஜெர்மனியிலும் ஜப்பானிலும் ஏறத்தாழ ஒரே சமயத்தில், வாய் வழியாகக் குழாயை இறக்கிக் குடலுக்குள் போய், அந்தத் தசை வளையத்தைக் கீறிக் கல்லை வெளியே எடுக்கிற முறை வந்தது. இன்றைக்கு நம் ஜில்லாத் தலைநகரங்களில்கூட அதைச் செய்கிறார்கள். இரண்டாவது காரியம்தான் முன்னேறுவதற்குப் பதிலாகப் பின்னால் நடந்துகொண்டிருக்கிறது. இரத்த அழுத்தம் விழுந்துவிட்ட நோயாளிக்கு ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் ஏற வேண்டும் என்று, டோக்கியோ நெறிகள் என்று பெயர் பெற்ற வைத்திய வழிகாட்டியின் 2018-ம் வருஷப் பதிப்பு சொல்கிறது. ஒரு மணி நேரம்! ஆனால் இரத்தத்தையும் பித்தத்தையும் எடுத்து வளர்த்துப் பார்த்து, இன்ன கிருமி, இன்ன மருந்துக்குச் சாகும் என்று லாபரட்டரி சொல்வதற்கு இரண்டு மூன்று நாள் ஆகும். ஆகவே டாக்டர் ஊகத்தின் பேரில்தான் முதல் மருந்தைக் கொடுக்கிறார். அந்த ஊகம் பலித்தால் ஆள் பிழைப்பான். அது பலிப்பதும் பலிக்காததும் யார் கையில் இருக்கிறது என்பதுதான் என் வழக்கு.

கிருமிகளின் பெயரையும் சொல்லிவிடுகிறேன். ஈ. கோலி, கிளெப்ஸியெல்லா, என்டெரோபாக்டர், என்டெரோகாக்கஸ். பெயர்தான் சீமைப் பெயர், ஆசாமிகள் உள்ளூர்க்காரர்கள். நம் குடலிலேயே காலங்காலமாகக் குடித்தனம் நடத்துகிறவர்கள். பித்தநீர் ஒருவகைச் சோப்புப் போன்றது; பழக்கமில்லாத கிருமியின் மேல்தோலைக் கரைத்துவிடும். இவர்களோ பித்தத்திலேயே குளித்து வளர்ந்த பரம்பரை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மக்கான்கி என்ற ஆங்கில நிபுணர், மற்றக் கிருமிகளை ஒதுக்கிக் குடற்கிருமிகளை மட்டும் வளர்த்துப் பார்க்க ஒரு கூழ் தயாரித்தார். அதில் அவர் கலந்தது பித்த உப்பு. மற்றவை வாடின, இவை தழைத்தன. இன்றைக்கும் லாபரட்டரிகளில் அந்தக் கூழைத்தான் காய்ச்சுகிறார்கள். இதைவிட வேடிக்கை, ஈ. கோலியின் உடம்பில் இருக்கும் ஒரு பம்பு. உள்ளே கசிகிற பித்த உப்பை, ஓட்டைப் படகில் தண்ணீர் இறைக்கிறவன்போல, வாரி வாரி வெளியே கொட்டுகிறது. அதே பம்பு பலவகை ஆன்டிபயாடிக்குகளையும் வாரி வெளியே கொட்டுகிறது! பித்தத்தைச் சமாளிக்கப் பழகிய கைக்கு மருந்தைச் சமாளிப்பது பெரிய காரியமாகத் தெரியவில்லை.

எனக்குத் தெரிந்த தமிழாசிரியர் ஒருவர் இருந்தார். பெயர் வேண்டாம். அறுபத்தாறு வயது. என் கதைகளில் சந்திப் பிழை கண்டுபிடித்துக் கார்டு எழுதுவது அவருக்கு ஒரு பொழுதுபோக்கு. வலி மிகும் இடத்தில் மிகாமல் விட்டால் அவருக்கு நிஜமாகவே வலிக்கும். மாத்திரை என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். காய்ச்சலுக்கு நிலவேம்புக் கஷாயம், ஜலதோஷத்துக்கு மிளகு ரசம். அதற்குமேல் ஒன்றும் கிடையாது. ஒரு நாள் இரவு உடம்பு தூக்கிப் போட்டது. விடிவதற்குள் கண் மஞ்சள் பூத்துவிட்டது. ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். எந்த ஆஸ்பத்திரி என்பது இங்கே அவசியமில்லை. அங்கே குறை ஒன்றும் நடக்கவில்லை. முதல் மணி நேரத்திலேயே மருந்து ஏறிற்று. அன்று மாலைக்குள் குழாயை இறக்கிக் கல்லை எடுத்தார்கள். சீழ் கலந்த பித்தம் கொட்டியதாம். ஆனால் காய்ச்சல் இறங்கவில்லை.

மூன்றாம் நாள் கல்ச்சர் ரிப்போர்ட் வந்தது. கிளெப்ஸியெல்லா. அதன் கீழே மருந்துகளின் ஜாபிதா. ஒவ்வொரு மருந்தின் பக்கத்திலும் 'ஆர்' என்று ஓர் எழுத்து. இந்த மருந்து இந்தக் கிருமியிடம் செல்லாது என்று அர்த்தம். பரீட்சையில் எல்லாப் பாடத்திலும் தோற்ற பையனின் மார்க் ஷீட்டைப்போல, மேலிருந்து கீழ்வரை ஒரே எழுத்து. ஜாபிதாவின் அடியில் கோலிஸ்டின் என்ற மருந்து மிஞ்சியிருந்தது. அது 1940-களின் கடைசியில் ஜப்பானில் கண்டுபிடித்தது. சிறுநீரகத்தைக் கெடுக்கிறது என்பதற்காக 1970-களில் டாக்டர்கள் பெரும்பாலும் அதைக் கைவிட்டார்கள். இப்போது வேறு கதியில்லாமல் பரணிலிருந்து இறக்கியிருக்கிறார்கள். அதையும் கொடுத்தார்கள். விலை கூடிய புது மருந்துக் கூட்டு ஒன்றையும் கொடுத்தார்கள். பதினோராம் நாள் காலமானார்.

ரிப்போர்ட் வந்த அன்று அவர் பெண் டாக்டரிடம் கேட்டாள்: "அப்பா ஜன்மத்திலே ஆன்டிபயாடிக் சாப்பிட்டதே இல்லையே, டாக்டர்! அவருக்கு எப்படி மருந்து கேட்காமல் போகும்?"

டாக்டர் சின்ன வயசுக்காரர். தூக்கமில்லாத முகம். "அவர் சாப்பிடலை, அம்மா. அவருக்குள்ளே வந்த கிருமி எங்கேயோ சாப்பிட்டுட்டு வந்திருக்கு" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

காரியத்துக்கு முதல் நாள் அந்த வீட்டில் நான் கண்ணால் கண்டதை இனிமேல் சொல்கிறேன். உறவினர் ஒருவர் வந்திருந்தார். பெரிய உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர், நிறையப் படித்தவர். மூன்று முறை தும்மினார். வாசலில் நின்ற பையனைக் கூப்பிட்டார். "தம்பி, முக்குக் கடையிலே ஸெஃபிக்ஸிம் இருநூறு, நாலே நாலு மாத்திரை வாங்கிட்டு வா. நாளைக்குக் காரியம், தொண்டை கட்டிக்கிட்டா சிரமம்." பையன் ஐந்து நிமிஷத்தில் திரும்பி வந்தான். கத்தரியால் வெட்டிய அட்டை. டாக்டர் சீட்டு எங்கே என்று கடையில் யாரும் கேட்கவில்லை. நாலில் இரண்டை அவர் சாப்பிட்டார். மற்ற இரண்டும் அலமாரிக்குப் போய்விட்டன, அடுத்த தும்மலுக்காக.

இதில் என்ன தப்பு என்று கேட்பவர்களுக்காகத்தான் இந்தக் கட்டுரை. ஜலதோஷம் வைரஸ் என்ற வேறு ஜாதிப் பிராணியால் வருவது. ஸெஃபிக்ஸிம் அதன் ரோமத்தைக்கூட அசைக்காது. இரண்டு நாளில் தும்மல் நின்றது மாத்திரையால் அல்ல. அது தானாகவே நின்றிருக்கும். ஆனால் விழுங்கிய மாத்திரை சும்மா இருக்குமா? அது குடலுக்குள் போகிறது. அங்கே இருக்கிற ஈ. கோலியிலும் கிளெப்ஸியெல்லாவிலும் மருந்துக்குப் பணிகிறவை சாகின்றன. எதிர்த்து நிற்கத் தெரிந்த நாலைந்து தப்பித்துக்கொள்கின்றன. செத்தவர்களின் இடமும் சாப்பாடும் இப்போது தப்பியவர்களுக்கு. சௌகரியமான இடத்தில் ஈ. கோலி இருபது நிமிஷத்துக்கு ஒரு முறை இரண்டாகும். கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். இரண்டு மாத்திரையால் தொண்டைக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. குடலில் ஒரு தேர்தலே நடந்து, போக்கிரிகள் ஏகமனதாக ஜெயித்துவிட்டார்கள்.

அதோடு நின்றால் அந்தக் கனவான் பாடு, அவர் குடல் பாடு என்று விட்டுவிடலாம். நிற்பதில்லை. 1950-களில் ஜப்பானில் சீதபேதிக் கிருமி ஒரே சமயத்தில் நாலு மருந்துகளை எதிர்த்து நிற்பதைக் கண்டு திகைத்தார்கள். 1959-ல் ஒச்சியாய், அக்கிபா ஆகியோரின் குழுக்கள் ரகசியத்தை உடைத்தன. மருந்தை எதிர்க்கிற ஈ. கோலியையும், மருந்துக்கு அடங்குகிற சீதபேதிக் கிருமியையும் சேர்த்து வைத்தால், எதிர்க்கிற வித்தை முழுசாக இங்கிருந்து அங்கே போய்விடுகிறது. பிளாஸ்மிட் என்கிற ஒரு சின்ன வளையத்தில் அந்த வித்தை எழுதியிருக்கிறது. ஓலைச்சுவடியைக் கைமாற்றுவதுபோல ஒரு கிருமி இன்னொரு கிருமிக்குக் கொடுத்துவிடுகிறது. அப்பன் பிள்ளைக்குக் கொடுப்பதோடு நிற்காமல் பக்கத்து வீட்டுக்காரனுக்கும் வேற்று ஜாதிக்காரனுக்கும் கொடுக்கிறது. (ஜாதி பார்க்காமல் சம்பந்தம் செய்கிற விஷயத்தில் கிருமிகள் நம்மைவிட எவ்வளவோ முன்னேறியவை.) அந்தக் கனவானின் குடலிலிருந்து கழிப்பறைக்கும், கழிப்பறையிலிருந்து சாக்கடைக்கும், சாக்கடையிலிருந்து ஆற்றுக்கும், ஆற்றிலிருந்து கீரைக்கட்டுக்கும் குழாய்த் தண்ணீருக்கும், அங்கிருந்து கஷாயம் தவிர வேறு எதையும் தொடாத ஒரு தமிழாசிரியரின் குடலுக்கும் வருவதற்கு வழி தாராளமாகத் திறந்திருக்கிறது.

அந்த உறவினர் வாங்கிய மாத்திரைதான் ஆசிரியரைக் கொன்றது என்று நான் சொல்லவில்லை. ஆசிரியர் அதற்கு முன்பே போய்விட்டார். இந்த மாதிரி நாலு நாலு மாத்திரைகளாக, இருபது முப்பது வருஷமாக, வீடு வீடாகச் சேர்ந்த கணக்கு அது.

கற்பனை செய்கிறேன் என்று நினைப்பவர்கள் இரண்டு செய்திகளைக் கேட்கட்டும். ஸ்வீடனிலிருந்து வெளிநாடு சென்று திரும்பிய 100 பேரின் குடலைச் சோதித்து 2010-ல் வெளியிட்டார்கள். போகும்போது யாரிடமும் இல்லாத, ஸெஃபிக்ஸிம் வகை மருந்துகளை வெட்டிப் போடுகிற கிருமி, திரும்பும்போது 24 பேரிடம் இருந்தது. இந்தியாவுக்கு வந்து போனவர்கள் எட்டுப் பேர். அவர்களில் ஏழு பேரிடம் இருந்தது! அவர்கள் இங்கே மாத்திரை வாங்கவில்லை. இட்லி சாப்பிட்டார்கள், தண்ணீர் குடித்தார்கள், அவ்வளவுதான். இரண்டாவது செய்தி, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலுடையது. அதன் கண்காணிப்பில் உள்ள ஆஸ்பத்திரிகளில் இமிபெனெம் என்ற உயர்ந்த மருந்துக்கு 2017-ல் ஈ. கோலியில் நூற்றுக்கு 81 பணிந்தன. 2022-ல் 66 தான் பணிந்தன. கிளெப்ஸியெல்லா அதே காலத்தில் 59-லிருந்து 42-க்கு இறங்கிவிட்டது. டாக்டர் ஊகத்தின் பேரில் கொடுக்கிறார் என்று சொன்னேனே, அந்த ஊகம் பூவா தலையா போடுகிற மட்டத்துக்கு வந்துவிட்டது.

இப்படி வரும் என்று சொன்னவர் யாரோ பிற்காலத்து ஆசாமி அல்ல. பெனிசிலினைக் கண்டுபிடித்த பிளெமிங்கே சொன்னார். 1945 டிசம்பரில் ஸ்டாக்ஹோமில் நோபல் பரிசு வாங்கிய மேடையில், ஒரு குட்டிக் கதை சொன்னார். ஒரு மனிதனுக்குத் தொண்டை வலி. அவனாகவே கடையில் பெனிசிலின் வாங்கிச் சாப்பிடுகிறான். கிருமியைக் கொல்லப் போதாத, ஆனால் அதற்குப் பாடம் கற்பிக்கப் போதுமான அளவு. பிறகு அந்தக் கிருமி அவன் மனைவியைத் தொற்றுகிறது. அவளுக்கு நிமோனியா. பெனிசிலின் கொடுக்கிறார்கள்; கேட்கவில்லை; இறந்துபோகிறாள். அவள் சாவுக்குப் பொறுப்பாளி யார் என்று பிளெமிங் கேட்டார். நான் இருபது வருஷமாகக் கதை எழுதுகிறேன். இவ்வளவு சிக்கனமாக ஒரு சோகக் கதையை என்னால் எழுத முடிந்ததில்லை. மருந்து சந்தைக்கு வந்து நாலைந்து வருஷம்கூட ஆகாத காலத்தில், மேடையில் வாழ்த்துப் பெறவேண்டிய மனிதர் இந்தக் கதையைச் சொல்லியிருக்கிறார். நாம் பரிசைக் கொண்டாடினோம், கதையை மறந்தோம்.

இனி ஆட்சேபணைகளுக்கு வருகிறேன்.

'படிக்காத ஜனங்கள்தான் இப்படிக் கண்டபடி மருந்து வாங்குகிறார்கள். அவர்களுக்குச் சொல்லுங்கள்' என்பார்கள். தினக்கூலிக்காரன் டாக்டரிடம் போனால் பீஸும் கொடுக்க வேண்டும், அரை நாள் கூலியும் போகும். அவன் கடையில் நின்று நாலு மாத்திரை வாங்கினால் அதற்குக் காரணம் பசி. அவனைத் திட்ட எனக்கு நாக்கு எழவில்லை. அவனுக்குப் பக்கத்தில் ஒரு டாக்டரை வைக்காத சர்க்காரைத் திட்டுகிறேன். ஆனால் வாசலில் கார் நிற்கிற மனிதருக்கு என்ன காரணம்? டாக்டர் 'இதற்கு மருந்து வேண்டாம், வெந்நீர் குடியுங்கள்' என்று சொல்லிவிடுவாரே என்ற பயம்தான் காரணம். அப்படிச் சொல்கிற டாக்டரை நாம் என்ன சொல்கிறோம்? 'கைராசி இல்லை' என்கிறோம். அடுத்த தெரு டாக்டர் பெரிய மாத்திரையாக எழுதிக் கொடுத்தால் 'கெட்டிக்காரர்' என்கிறோம். நம்முடைய இந்தச் சர்டிபிகேட்டுக்குப் பயந்து எழுதிக் கொடுக்கிற டாக்டர்களும் இருக்கிறார்கள். அவர்களை நான் மன்னிப்பதாக இல்லை. பயத்துக்காகப் பொய் எழுத நாவலாசிரியனுக்கே உரிமையில்லாதபோது டாக்டருக்கு எப்படி வரும்?

'பெரிய பெரிய கம்பெனிக்காரன் ஆற்றில் மருந்துக் கழிவைக் கொட்டுகிறான்; அவனை விட்டுவிட்டு எங்களிடம் வருகிறீரே' என்று இன்னொருவர் கேட்பார். நியாயமான கேள்வி. ஹைதராபாத்தை அடுத்த பட்டான்செருவில் மருந்து ஆலைகளின் கழிவைச் சுத்தம் செய்கிற நிலையத்திலிருந்து வெளியேறுகிற தண்ணீரை ஸ்வீடிஷ் ஆராய்ச்சியாளர்கள் சோதித்து 2007-ல் வெளியிட்டார்கள். ஸிப்ரோஃப்ளாக்ஸஸின் மாத்திரை சாப்பிட்ட மனிதனின் இரத்தத்தில் இருப்பதைவிட ஜாஸ்தியாக அந்தத் தண்ணீரில் அந்த மருந்து இருந்தது. அவர்களைக் கோர்ட்டுக்கு இழுக்க வேண்டும்; இழுக்கிறவர்கள் இருந்தால் நானும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அடுத்தவன் ஆற்றில் விஷம் கலக்கிறான் என்பதற்காக நான் கிணற்றில் கொஞ்சம் கலந்துகொள்ளலாம் என்று எந்தச் சாஸ்திரத்தில் எழுதியிருக்கிறது?

மூன்றாவது ஆசாமி ஆட்சேபணை சொல்வதில்லை, சிரிப்பார். அவரிடம் இன்ஷ்யூரன்ஸ் கார்டு இருக்கிறது. எது வந்தாலும் ஐந்து நட்சத்திர ஆஸ்பத்திரி, தேவைப்பட்டால் அமெரிக்கா. அவருக்கு ஒரு செய்தி. 2015-ல் அமெரிக்காவிலே லாஸ் ஏஞ்சலஸ் நகரத்தில், இதே பித்தநாளத்துக்குள் இறக்குகிற குழாய்க் கருவியின் மூலமாகவே, மருந்துக்கு அடங்காத கிருமி ஒரு நோயாளியிடமிருந்து மற்றவர்களுக்குப் பரவிற்று. கருவியின் நுனியில் உள்ள ஒரு குட்டி நெம்புகோலின் இடுக்கில், கழுவிய பிறகும், கிருமி ஒளிந்துகொண்டிருந்தது. உயிர் காக்க உள்ளே போன கருவியே அதைச் சுமந்துகொண்டு போயிற்று. கார்டைப் பார்த்து அது வழிவிடவில்லை.

எல்லாவற்றையும்விட எனக்கு வெட்கமாக இருப்பது 2010-ல் நடந்த கூத்து. புதுடில்லியில் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு 2008-ல் ஸ்வீடனுக்குத் திரும்பிய ஒரு நோயாளியிடம் ஒரு கிளெப்ஸியெல்லாவைக் கண்டார்கள். உயர்ந்த மருந்துகளையே உடைத்துப் போடுகிற ஒரு புது என்ஸைம் அதனிடம் இருந்தது. அதற்குப் புதுடில்லியின் பெயரை வைத்தார்கள். 2010 ஆகஸ்டில் லான்ஸெட் குழுவின் பத்திரிகை ஒன்றில் அதைப் பற்றிப் பெரிய ஆராய்ச்சிக் கட்டுரை வெளிவந்தது. அதன் முதல் ஆசிரியர் வெள்ளைக்காரர் அல்ல. சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்த்திகேயன் குமாரசாமி. சென்னையில் மட்டும் 44 மாதிரிகளில் அந்தக் கிருமி இருப்பதாகக் கட்டுரை சொல்லிற்று. உடனே டில்லியில் கொந்தளிப்பு. பார்லிமெண்டில் அங்கத்தினர்கள் சதி என்றார்கள். வைத்தியத்துக்காக இந்தியாவுக்கு வருகிற வெளிநாட்டாரைத் தடுக்கிற சூழ்ச்சி என்றார்கள். ஒரு நகரத்தின் பெயரை வியாதிக்கு வைத்தது சரியல்ல என்று நானும் சொல்வேன். லான்ஸெட்டின் ஆசிரியரே 2011-ல் அதற்காக வருத்தம் தெரிவித்துவிட்டார். நமக்கு ஜெயம்தான். ஆனால் அதே 2011-ல் இன்னொரு கட்டுரை வந்தது. டில்லியில் எடுத்த 50 குடிதண்ணீர் மாதிரிகளில் இரண்டிலும், தெருவில் தேங்கியும் கசிந்தும் கிடந்த தண்ணீரின் 171 மாதிரிகளில் 51-லும் அந்தப் புது என்ஸைமின் வித்து இருந்தது. குடிக்கிற தண்ணீரில் இருக்கிறது என்றதற்கு எழாத கோபம், பெயர் வைத்ததற்கு எழுந்தது! வீட்டில் பாம்பு நுழைந்துவிட்டது என்று ஒருவன் கத்தினால், 'அது எப்படி என் வீட்டு விலாசத்தைச் சொல்லிக் கத்தலாம்?' என்று அவனோடு மல்லுக்கு நிற்கிற தேசாபிமானம் எனக்குப் புரியவில்லை.

வைத்தியர்களுக்குப் புரிந்தது. 2012 ஆகஸ்டில் சென்னையில் பல வைத்திய சங்கங்கள் கூடிச் சென்னைப் பிரகடனம் என்று ஒன்றை வகுத்தன. நடக்கிற காரியமாக, படிப்படியாகச் செய்வோம் என்பது அதன் சாரம். அடுத்த வருஷம் சர்க்கார் எச்1 என்ற அட்டவணையைக் கொண்டுவந்தது. 2014 மார்ச் முதல் அமலில் இருக்கிறது. முதல் அட்டவணையில் 46 மருந்துகள். பாதிக்கு மேல் ஆன்டிபயாடிக். டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது. விற்றால் டாக்டர் பெயர், நோயாளி பெயர், மருந்தின் அளவு எல்லாவற்றையும் தனி ரிஜிஸ்தரில் எழுதி மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும். அந்தக் கனவான் தருவித்த ஸெஃபிக்ஸிம் இந்த அட்டவணையில் இருக்கிற மருந்துதான். கள்ளச்சாராயம் வாங்குகிறவனைப் பார்த்து முகம் சுளிக்கிற அதே மனிதர், பட்டப்பகலில், காரியத்துக்கு வந்த வீட்டில், ஒரு சிறு பையனை அனுப்பிச் சட்டவிரோதமான சரக்கை வாங்கியிருக்கிறார். அவருக்கு அது உறுத்தக்கூட இல்லை. சட்டம் எழுதியவர்களுக்குக் கடைக்காரன் கண்ணில் பட்டான். கௌண்டருக்கு இந்தப் பக்கம் நின்று, 'என்னய்யா, என்னைத் தெரியாதா? நானா ஏமாற்றப் போகிறேன்?' என்று அதட்டுகிற கனவான் கண்ணில் படவில்லை.

கேரளத்தில் 2024-ல் இதற்கென்றே மருந்துக்கடைகளில் திடீர்ச் சோதனை நடத்தத் தொடங்கினார்கள். சீட்டில்லாமல் ஆன்டிபயாடிக் கொடுப்பதில்லை என்று கடையில் போர்டு மாட்டச் சொன்னார்கள். எங்கள் தெருவில் அப்படிச் சொல்வார் யாரும் இல்லாமலே, தாமாக ஒருவர் போர்டு மாட்டியிருக்கிறார். பி.பார்ம். படித்தவர், சின்னக் கடை. எத்தனை அதட்டினாலும் புன்சிரிப்போடு, "சீட்டு கொண்டு வாங்க ஸார், தர்றேன்" என்கிறார். அட்டையை வெட்டிக் கொடுப்பதில்லை. டாக்டர் எழுதிய கணக்குக்குக் குறைத்தும் கொடுப்பதில்லை. போர்டு மாட்டியதிலிருந்து வியாபாரம் இறங்கிவிட்டது என்று போன வாரம் சொன்னார். எதிர்ச் சாரியில் இருக்கிற கடையில் சாயங்காலம் ஆறு மணிக்கு நிற்க இடமில்லை. நின்றவர்களில் எனக்குத் தெரிந்த முகங்கள் பல. இரண்டு பேர் என் வாசகர்கள்.